பசித்த நீர்

எங்கள் நோர்வூட் தண்ணீர் கேத்தலின் அடியில் எந்தச் சுவட்டையும் விட்டுச் செல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் சில வருஷம் ஆசிரியனாக இருந்த காலத்தில், சுண்ணாம்புக்கல்லின் ஊடே ஊறிவந்த கிணற்று நீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கேத்தலினுள்ளே வெள்ளை ஓடு ஒன்று கட்டிப்போய், அதைக் கரண்டிக் காம்பினால் சுரண்டி எடுத்ததும், சவர்க்காரம் நுரைக்க மறுத்து மேனியில் பிசுபிசுத்ததும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. இங்கேயோ, கருங்கல் இனத்துப் பாறைகளின்மேல் வழிந்துவரும் ஓடை நீர் அப்பாறைகளிடமிருந்து அதிகம் ஏதும் வாங்கிக்கொள்ளாமலே வந்துவிடுகிறபடியால், சவர்க்காரத்தைக் கண்ட மாத்திரத்தில் நுரைக்கிறது. தேயிலையின் சாயத்தையும் தாராளமாக இறக்கித் தருகிறது. இத்தகைய நீரைப் பரிசுத்தமானதென்று மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பசி என்று இன்னொரு பெயரும் உண்டென்பதை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு நீச்சல் தடாகத்தின் கரையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்களில் சில, 2005ஆம் ஆண்டு தொடக்கம் உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதிகளாக மாறின. அவற்றைப் பார்த்து மற்றப் பங்களாக்காரரும் தடாகங்கள் வெட்டினார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் (பெயர் வேண்டா) என் பழைய மாணவன் ஒருவன் தடாகக் காவலனாக இருக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் சிறு பெட்டியொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“சேர், பழைய பூச்சு நாலே வருஷத்துல பலாக்காய்த் தோலாட்டம் ஆயிருச்சுங்க. இப்ப புதுசா பூசியிருக்கு. இதுவும் அப்பிடி ஆனா என்னையத்தான் கேப்பாங்க.”

“தண்ணீர் எப்படி இருக்கிறது, தம்பி?”

“தண்ணிக்கென்ன சேர், கண்ணாடி மாதிரி இருக்கு.”

கண்ணாடி போலிருந்ததுதான் வினை. சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது, நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணம் அதனுள்ளே பெருமளவில் பிறக்கிறது. புதிய பூச்சு அதை வாரக்கணக்கில் நீருக்குள் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அவன் கொண்டுவந்த பெட்டியில், காரம் குறைந்த நீரில் மஞ்சளாகவும் காரம் மிகுந்த நீரில் சிவப்பாகவும் நிற்கிற பீனோல் சிவப்பு என்னும் திரவம் இருந்தது. தடாகத்து நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஐந்து சொட்டு விட்டதும் அது செக்கச்செவேலென்று சிவந்தபோது, மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்து ஆலத்தி எடுக்கும் நம் பெண்களின் ஞாபகமே எனக்கு வந்தது. 1909ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் ஒரு மதுவடிசாலையின் ஆய்வுகூடத்திலிருந்து சோரன்சன் என்ற விஞ்ஞானி பி.எச். என்னும் அளவுகோலை உலகத்துக்குக் கொடுக்கும் முன்னரே, அந்தப் பெண்கள் அதன் ஒரு படியைத் தாம்பாளத்தில் கண்டுகொண்டிருந்தார்கள்.

அடுத்து, சுண்ணத்தின் அளவைக் காட்டும் சோதனை. வேறொரு சாயம் சேர்த்துச் சிவந்த நீர் நீலமாகும்வரை, இன்னொரு திரவத்தைத் துளித்துளியாக விட்டு எண்ண வேண்டும். யாழ்ப்பாணத்து நீரானால் எண்ணிக் களைத்திருப்போம். ஓடையிலிருந்து எடுத்த நீரோ முதல் துளியிலேயே நீலமாயிற்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன். தனக்குள் சுண்ணம் இல்லாத நீர், எங்கே கிடைக்குமோ அங்கே அதை எடுத்துக்கொள்ளும்; தடாகத்தில் அதற்குக் கிடைப்பது சுவர் ஒன்றே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த லாங்கிலியர் என்பவர், நகரக் குழாய்களை நீர் அரிக்குமா அல்லது அவற்றில் சுண்ணத்தைப் படியவிடுமா என்பதை முன்கூட்டியே அறிய 1936இல் ஒரு கணக்கு வகுத்தார். அக்கணக்கில் குளிர்ச்சியும் ஓர் அங்கம். சீனி சூட்டில் அதிகம் கரைகிறது. சுண்ணாம்புக்கல்லோ அதற்கு மாறாகக் குளிரிலேதான் அதிகம் கரையும். ஆகவே 1,000 மீட்டருக்கு மேலே, மார்கழிப் பனியில் விறைத்துக் கிடக்கிற எங்கள் தண்ணீரின் பசியைச் சொல்ல வேண்டியதில்லை.

வழி இதுதான்: சுவரைத் தின்னுமுன் நீருக்கு நாமே உணவிட்டுவிடுவது. 90,000 லீற்றர் கொள்ளும் அத்தடாகத்தில், பி.எச். சடுதியாக மாறாமல் தாங்கிப்பிடிக்கும் காரத்தாங்கல் லீற்றருக்கு 80 மில்லிகிராமுக்கு மேலே வர 9 கிலோ அப்பச் சோடா வேண்டியிருந்தது. பஸார்க் கடை முதலாளி, “என்னங்க வாத்தியாரையா, அப்பக்கடை எத்தனை தெறக்கிறீங்க?” என்றார். கல்சியம் குளோரைட்டு 20 கிலோ. அதைச் சோடாவோடு ஒரே வேளையில் கொட்டினால் தடாகம் பாலாகிவிடுமென்று, நாள் விட்டு நாளாகச் சிறுகச் சிறுகக் கரைத்தோம். நாளுக்கொரு தடவை பி.எச். ஏற, நாளுக்கொரு தடவை திராவகம் விட்டு அதை 7.4 அளவுக்கு இறக்கினோம். திராவகத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றலாகாது என்று வகுப்பில் சொன்னதை அவன் மறந்திருக்கவில்லை. கை சற்றுத் தாராளமானாலும், ஆற்ற வந்த பசியைத் திராவகமே கிளப்பிவிடும். இந்த வேலையின் சிரமமெல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது.

மேசன் சொன்னபடி 28 நாள், காலையும் மாலையும் நைலோன் தூரிகையால் சுவரையும் தரையையும் தேய்த்தான். முதல் வாரத்தில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் மா மாதிரி வெண்தூள் கிளம்பி நீர் மங்கிற்று. மூன்றாம் வாரத்தில் அது குறைந்துபோயிற்று. கடைசி நாள் போய், கரையில் குனிந்து சுவரைத் தடவினேன். முட்டையோடு போலிருந்தது. சோதனைக் குழாயில் செம்மஞ்சள் நிறம்.

“நீ ஒரு தரம் இறங்கிப் பார்த்தாயா, தம்பி?” என்றேன்.

“தூரிகை மட்டுந்தாங்க சேர் எறங்கியிருக்கு,” என்று சிரித்தான்.

பொழுது சாய்ந்திருந்தது. கையில் திராவக நெடி இருக்கிறதென்று சொல்லி, சவர்க்காரப் பெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துப் பீலிக்கு இறங்கினான். நானும் கூட நடந்தேன். அதே ஓடையின் நீர்தான், யாரும் எதுவும் ஊட்டாமல், தகரக் குழாயிலிருந்து கல்லின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிற இடத்தில் சீமெந்து தேய்ந்து, உள்ளிருந்த சல்லிக் கற்கள் வெளியே தெரிந்தன. அவன் அவற்றின்மேல் கால் வைத்து நின்று குளித்தான்.