காற்றுப் போன வழி

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாம் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். வான் எம்முடையதன்று, மருமகப்பிள்ளை பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காக வாங்கியது. அது ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

தெஹிவளையில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி முனகத் தொடங்கிற்று. பின்னாலே கரும்புகை; முன்னாலே 'உஸ்' என்றொரு சத்தம். எமக்குப் பின்னால் வந்த பஸ்களெல்லாம் முந்திச் சென்றன. கம்பளை கடந்து றம்பொடை மலையில் ஏறியபோது முதலாம் கியரை விட்டு வர மறுத்தது. பிள்ளைகளுக்கு நீர்வீழ்ச்சியைக் காட்டிவிட்டுத் திரும்பினோம்.

தெஹிவளையில் ஒரு கராஜில் காட்டினோம். எஞ்சினை ஓட விட்டு மேலோட்டமாகப் பார்த்தவர், "டர்போ செத்துவிட்டது, புதிது போடவேண்டும்" என்றார். சொன்ன தொகை வானின் பல மாத வருமானம். அன்றிரவு எம் மனைவியார் ஒன்றும் பேசாமல் தம் காப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தார். மருமகப்பிள்ளை அவற்றைத் தொடவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

டர்போ என்பது என்ன? எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊட்டும் கருவி. அதிக காற்றுப் புகுந்தால் அதிக எண்ணெயை எரிக்கலாம், வலுவும் கூடும். பெல்ட்டினாற் சுழல்வதைச் சூப்பர்சார்ஜர் என்பார்கள். அவ்வகையில் காற்றழுத்தம் குறைந்தால் முதலிலே பெல்ட் வழுக்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். வீணே வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழலும் வகைக்கு, சுவிட்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி என்ற பொறியியலாளர் 1905இல் காப்புரிமை பெற்றார். அதுவே டர்போ. அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேலுள்ள ஊர். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பிலுள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போவின் தயவு இல்லாத வண்டி அங்கே இருமடங்கு இளைக்கும்.

இதெல்லாம் எமக்குத் தெரியும். முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தோமல்லவா! தெரிந்து என்ன பயன்?

புகையிரத நிலையத்துக்கு அண்மையில், ஓர் ஒழுங்கையில், வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார் என்று அயலவர் சொன்னார். அவர் வண்டியைத் தொடவில்லை. "மாஸ்டர், ஏறேக்கை என்ன சத்தம் கேட்டது?" என்றார். அதுவரை எவரும் எம்மிடம் அதைக் கேட்கவில்லை. "சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோல" என்றோம், வகுப்பில் விடை சொல்லும் மாணவன்போல.

பிறகுதான் காற்று வரும் குழாயைக் கழற்றி, டர்போவின் சக்கரத்தை விரலால் சுழற்றினார். இலகுவாகச் சுழன்றது, இதழ்களிலும் சேதமில்லை. "இதுக்கு உயிர் இருக்கு, மாஸ்டர். காத்துப் போற வழியிலதான் பிழை." குழாயை மீண்டும் பூட்டி, வாயை அடைத்து, டயருக்கு அடிப்பதிற் பாதியுங் குறைவாகக் காற்றடித்து, சவர்க்கார நீரைத் தடவினார். டர்போவுக்கும் காற்றைக் குளிர்விக்கும் கூட்டுக்கும் இடையிலிருந்த ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கிற்று. விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி எண்ணெய்க் கறை.

எஞ்சின் சும்மா ஓடும்போது அவ்வெடிப்பு மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். ஆகையால்தான் சமவெளியிலும் கராஜிலும் அது அகப்படவில்லை. கணக்கிட்ட எண்ணெய் எஞ்சினுக்குள் போக, கணக்கிட்ட காற்று வழியிலே தப்பியது. எரியாத மிச்சம் கரும்புகையாயிற்று. முப்பது ஆண்டுப் பாடம் எம் கண்முன்னே நுரைத்துக்கொண்டிருந்தது.

புதுக் குழாய் ஒன்று, கிளிப் இரண்டு, அரைநாட் கூலி. பாஸ் சொன்ன தொகையைக் கேட்டு மருமகப்பிள்ளை இரண்டாந் தரமும் கேட்டார், தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று. வீட்டுக்கு வந்ததும் காப்புகளை எடுத்து மாமியாரின் கையில் அவரே கொடுத்தார்.

டிசம்பரில் மறுபடியும் புறப்பட்டோம். கடுகண்ணாவையில் வானுக்குள் எவரும் பேசவில்லை. எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். றம்பொடையில் நீர்வீழ்ச்சியண்டை நிறுத்தும்படி பிள்ளைகள் கத்தினார்கள். மருமகப்பிள்ளை நிறுத்தவேயில்லை.