ஷட்டருக்கு உள்ளே

குஷாய்குடா வாடகை வீட்டில் அந்த ஆய்வு மாணவிக்குக் கீழ்த்தளத்துக் கார் ஷெட்டே படிப்பறை. 1969இல் டி.டி.சி.-12 கணினியை உருவாக்கிய இ.சி.ஐ.எல். அருகில்தான் இருக்கிறது; மாடி வைஃபையோ ஷெட்டுக்கு இறங்கவில்லை. தளத்தின் கம்பிகளும் இரும்பு ஷட்டரும் அலையைத் தடுத்தன. இணையவழி வாய்மொழித் தேர்வுக்கு நான்கே நாள்.

ரிப்பீட்டரை ஷெட்டுக்குள்ளேயே வைத்தது முதற்பிழை. எட்டாத அலையை அது எங்ஙனம் நீட்டும்? படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றியதும் அலை கிட்டியது. ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பியதால் வேகம் பாதியாயிற்று, காணொளி உறைந்தது. சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசையவில்லை. இறுதியில் ஜன்னல் வழியே ஈதர்நெட் கேபிள் இறங்கியது. 100 மீட்டர்வரை அது தளராது. அதன் முனையில் பழைய ரௌட்டர் அக்சஸ் பாயிண்டாயிற்று.

தேர்வன்று தெரு இரைச்சலுக்கு அஞ்சி ஷட்டரை முழுதும் இறக்கிவிட்டே அவர் பேசினார். புறத்தேர்வாளரின் முதல் வினா தெளிவாகக் கேட்டது.