திரும்பத் திரும்ப வரும் கோளாறு

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள், ஏதாவது கோளாறு வந்தால் முதலில் மென்பொருளைத்தான் திட்டுவார்கள். பாவம், பல நேரம் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்!

செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது சரியாக இருந்த திசைமானி, கால் மணி நேரத்தில் சில டிகிரி தள்ளிக் காட்டும். திருத்தினாலும் மறுபடி தள்ளும். இது கோளாறே அல்ல. உள்ளே சுழலும் கைரோஸ்கோப் உராய்வாலும் பூமியின் சுழற்சியாலும் மெல்ல விலகுகிறது. நிஜ விமானியும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதைத் திருத்துகிறார். 2006-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் இதற்கென்றே 'டி' விசை உண்டு. குளிர்ந்த மேகத்துக்குள் போனதும் வேகமானி பூஜ்யத்துக்கு இறங்குவதும் இப்படித்தான். பிடாட் குழாயைப் பனி அடைத்திருக்கும், அதைச் சூடாக்கும் சுவிட்சைப் போட்டிருக்க மாட்டார்கள்.

உண்மையான தலைவலி, ஆட்டோபைலட் தானாகக் கழன்றுகொள்வது. பெரிய ஜெட் விமானம் உயரே போய்ச் சேர்ந்து, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு எச்சரிக்கை ஒலி அலறும். மறுபடி போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி கழலும். விமானத்தை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிப் பார்ப்பார்கள். பலன் இருக்காது. குற்றவாளி பல சமயம் மேசைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக்தான்! விலை குறைந்தவற்றில் கைப்பிடியின் நிலையை அளப்பது ஒரு பொட்டன்சியோமீட்டர். நாளாக ஆக அதன் தடம் தேயும், தூசு சேரும். யாரும் தொடாமலே சிக்னல் துள்ளும். விமானி கைப்பிடியை இழுக்கிறார் என்று எண்ணி ஆட்டோபைலட் மரியாதையாக விலகிக்கொள்ளும். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் உள்ள குறி ஆடினால் டெட் ஸோனைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆடாவிட்டால், ஒரே அசைவை இரண்டு கருவிகளுக்கு ஒதுக்கியிருக்கிறதா என்று தேடலாம்.

ஆனால் பலர் இவ்வளவு தூரம் போவதில்லை. மறுபடி ஆன் செய்வது ஒரு நொடி வேலை, வீட்டில் அதனால் நஷ்டமும் இல்லை. நிஜத்தில்?

2014 டிசம்பர் 28 அன்று சுராபயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய இந்தோனேசியா ஏர் ஏசியாவின் ஏ320 விமானத்தில், வால் சுக்கானின் அசைவை மட்டுப்படுத்தும் அமைப்பு எச்சரிக்கை தந்தது. முந்தைய 12 மாதங்களில் அந்த அமைப்பின் கோளாறு 23 முறை பதிவாகியிருந்தது! மின்சுற்றுப் பலகை ஒன்றில் சால்டரிங் விரிசல் விட்டிருந்ததே மூலம் என்று 2015-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அன்றைய பயணத்தில் நான்காவது முறை எச்சரிக்கை வந்தபோது, கட்டுப்பாட்டுக் கணினிகளின் சர்க்யூட் பிரேக்கர்களை அணைத்துப் போட்டதற்கான அடையாளங்கள் பதிவுக் கருவியில் இருந்தன. ஆட்டோபைலட் போனது, விமானம் சாய்ந்தது, மூக்கு தூக்கியபடி ஸ்டால் ஆகி ஜாவா கடலில் விழுந்தது. இருந்த 162 பேரும் இறந்தார்கள்.

ஒவ்வொரு கோளாறையும் தேதியோடு எழுதி வைக்கும் புத்தகம் நிஜ விமானங்களில் உண்டு. எழுதினால் மட்டும் போதாது, யாராவது சேர்த்துப் படிக்கவும் வேண்டும். வீட்டு விமானிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்த விமானம், என்ன வானிலை, கிளம்பி எத்தனை நிமிடம், என்னென்ன செருகியிருந்தது என்று நாலு வரி எழுதலாம். ஜாய்ஸ்டிக்கை நெடுநேரம் தொடாதபோது மட்டுமே அது செயலிழக்கிறது என்று நாலைந்து பக்கம் புரட்டினால் தெரியவரும். அப்போது பார்க்க வேண்டியது விமானத்தை அல்ல, மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் விண்டோஸ் அமைப்பை.