கிழக்கேகோட்டையும் அடுப்புத் தீயும்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கிழக்கேகோட்டை வந்துவிடும். மேற்கே பத்மநாபசுவாமி கோயில். கிழக்கே தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் சாலைக் கடைவீதி. அருகே பழவங்காடிப் பிள்ளையார். ஆண்டுக்கொரு நாள் இத்தெருக்களில் வண்டிகளுக்கு வழியில்லை. எங்கு நோக்கினும் மூன்று செங்கல் அடுப்புகளும் மண்பானைகளுமே காணப்படும். அதுவே ஆற்றுக்கால் பொங்கல் நாள்.

கும்ப மாதப் பூர நட்சத்திரத்தன்று இது நிகழும். மதுரையை எரித்த கண்ணகி சேர நாடு வரும் வழியில் ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது கோயில் மரபு. தோற்றம் பாட்டில் பாண்டியன் வீழும் பகுதி பாடி முடிந்ததும், கோயிலில் பண்டார அடுப்பு மூட்டப்படும். பின்னர் அடுப்புக்கு அடுப்பு தீ பரவி, கிழக்கேகோட்டையையும் கடந்து செல்லும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் நூலில் பதிவாகியுள்ளது.

இத்தனை தீயும் அடங்கி நிற்பதற்குக் காரணம் கட்டுப்பாடே ஆகும். மின்மாற்றிகளுக்கும் பெட்ரோல் நிலையங்களுக்கும் அருகில் அடுப்பு வைத்தலாகாது. ஓடு பதித்த நடைபாதையிலும் கூடாது. பருத்தி ஆடையே ஏற்றது. பிளாஸ்டிக் பொருள்களைத் தவிர்க்க வேண்டும். பொங்கல் முடிந்தபின் நகராட்சியினர் செங்கற்களைத் திரட்டி, ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்துவதும் உண்டு. வெளியூரிலிருந்து வருவோருக்காக ரயில்வே தனி வண்டிகள் விடுவதுண்டு. ஆயினும் மண்ணெண்ணெய் முதலியவற்றை வண்டியில் கொண்டுவருதல் குற்றமாகும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

2021, 2022 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நோய் காரணமாகத் தெருப் பொங்கல் நிறுத்தப்பட்டது. பெண்கள் தத்தம் வீட்டு முற்றத்திலேயே அடுப்பு மூட்டினர். காய்ந்த தென்னம்பாளையும் ஓலையும் எரிந்தன. பானை பொங்கியதும் தீ அவிந்தது.

நம் வீட்டு முற்றத்தில் மூட்டும் வேறு தீயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். போகியன்று பழையன கழிப்பது நம் வழக்கம். ஆனால் பழம்பாயோடு ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்தினால் அது குப்பை எரிப்பதேயன்றி வேறல்ல. திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகை சூழ்ந்து விமானங்கள் இறங்கவியலாமல் திரும்பியதையும் அன்பர்கள் அறிவர்.

அபராதத்தினும் பெரிது அடுத்த வீட்டாரின் மூச்சு. நெருக்கமான நம் தெருக்களில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குச் செல்ல நெடுநேரம் ஆகாது. இழுப்பு நோயுள்ள முதியவர் அன்று முழுதும் கதவடைத்துக் கிடக்க நேரும். பிழைப்புக்காக வந்த ஊரில் நம்மைப் பற்றிய நல்லெண்ணமும் இத்தகைய சிறு செயல்களால்தான் வளரும், அல்லது குன்றும்.

ஆகவே போகிக்கு வரட்டியும் ஓலையுமாகச் சிறு தீ போதும். பக்கத்தில் ஒரு வாளி நீர் இருக்கட்டும். காற்று பலமாயின் மூட்டாதிருப்பதே நன்று. பழந்துணியை வேண்டுவோர்க்கு அளிக்கலாம். பிளாஸ்டிக்கை நகராட்சியின் சேகரிப்பில் சேர்க்கலாம். மதுரையை எரிக்கும்போது முதியோரையும் குழந்தைகளையும் தீண்டலாகாதென்று கண்ணகி தீக்கடவுளுக்கு ஆணையிட்டதாகச் சிலப்பதிகாரம் கூறும். அத்தனை சினத்திலும் அவள் மறவாத வரம்பு அது. பண்டிகை மகிழ்ச்சியில் நாம் அதனை மறத்தல் தகுமோ?