பட்டியலை நாம் எழுதுவோம்

மீஞ்சூரிலிருந்து ரயிலேறி சென்னைக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் சிலர் ஆரக்கிள் எஸ்க்யூஎல் சான்றிதழ் தேர்வுக்குத் தயாராகிறார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாமல் வீட்டிலேயே படிக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முடியும். நானும் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் பழகினேன்.

ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் எடிஷன் இலவசம். அதன் 21சி பதிப்பு 2 ஜிபி ராமுக்கு மேல் எடுக்காது, 12 ஜிபி தகவலுக்கு மேல் வைக்காது. படிக்க அது தாராளம். 64-பிட் விண்டோஸ் வேண்டும். ஃபைல் கிட்டத்தட்ட 2 ஜிபி. ஒருவர் டவுன்லோட் செய்து மற்றவர்களுக்கு பென் டிரைவில் கொடுங்கள். இன்ஸ்டால் ஆகும்போது கேட்கும் பாஸ்வேர்டை நோட்டில் எழுதிவையுங்கள். முடிந்ததும் விண்டோஸ் சர்வீசஸில் ஆரக்கிளை 'மேனுவல்' என்று மாற்றிவிட்டால், படிக்கும் நேரத்தில் மட்டும் ஓடவிடலாம்.

புது யூசரை உருவாக்கும்போது ஓஆர்ஏ-65096 என்று பிழை வரும். பலரும் சோர்ந்து நிறுத்துவது இங்கேதான். மென்பொருள் கெடவில்லை. நீங்கள் வெளிக்கூடத்தில் நிற்கிறீர்கள், உள்ளறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்இபிடிபி1 என்ற உள் டேட்டாபேஸில் நுழைந்து அதே கட்டளையைக் கொடுங்கள்.

இனி எதை வைத்துப் பழகுவது? பாடப்புத்தகங்கள் ஏதோ ஒரு கம்பெனியின் ஊழியர் பட்டியலைத் தருகின்றன. பட்டியல் என்றால் என்னவென்று நம் பகுதிக்குத் தெரியும். பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விரிக்கலாம் என்பதைப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. அது சாதி வழி வந்த உரிமை. பெயர் இல்லாத தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்த இடங்களில் முறை கிடையாது.

இன்னொன்று, 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு. அதன் சாதி விவரங்களை வெளியிட முடியாது என்று 2021இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1931இல் 4,147 சாதிகள். 2011இல் 46 லட்சத்துக்கு மேல் பெயர்கள் பதிவாகியிருந்தன. சாதிகளுக்கு முன்கூட்டியே ஒரு பதிவேடு தயாரித்து, அதில் உள்ளதை மட்டும் ஏற்கச் செய்வதற்கு நீங்கள் படிக்கும் 'ஃபாரின் கீ' பாடமே வழி சொல்கிறது.

ஆகவே நம் விஷயத்திலேயே பழகுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி விசாரணையை முடித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வட்டாரத்தில் பதிவான வழக்குகளை ஒரு டேபிளில் போடுங்கள்: எஃப்ஐஆர் எண், தேதி, காவல் நிலையம், குற்றப்பத்திரிகைத் தேதி. பாதிக்கப்பட்டவர் பெயர் வேண்டாம், எண் போதும். ஆரக்கிளில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் நாட்கணக்கு வந்துவிடும். 60ஐத் தாண்டியும் குற்றப்பத்திரிகை இல்லாத வழக்குகளை ஒரே கட்டளையில் எடுக்கலாம்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தப் பட்டியலை அச்செடுத்து மனுவோடு கொடுங்கள். தேர்வுக்கும் அதுவே நல்ல பயிற்சி.