சம்பிரதியும் ஆசாரியனும்

செப்டம்பர் கடைசி. வரித்தணிக்கை ஃபைல்கள் மேசையை மூடிவிட்டன. புனித மத்தேயு திருநாள் 21-ஆம் தேதி. கணக்கர்களுக்கு அவர்தான் பாதுகாவலர் என்பார்கள் கத்தோலிக்கர். ஆயத்துறையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனவர். எழுந்து காபி குடிக்கக்கூட முடியாத வாரத்தில்தான் அவர் நாள் வருகிறது.

*

அப்பாவின் கடைப் பேரேட்டில் முதல் பக்கத் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை. பக்கத்துக் கடையில் பிள்ளையார் சுழி, எதிர்க்கடையில் 786. இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சேற்றிய லூக்கா பச்சோலி பிரான்சிஸ்கன் துறவி. முதல் ஏட்டில் சிலுவைக் குறி போட அவரும் சொல்கிறார். வாங்குபவனுக்கு ஓர் ஏடு, விற்பவனுக்கு ஓர் ஏடு என்று வைத்திருப்போரையும் அதே நூலில் திட்டுகிறார். நம்பர் டூ கணக்குக்கு அவ்வளவு வயது. அந்த ஏட்டிலும் சிலுவை போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை.

*

லூக்கா 16, அநீதியுள்ள உக்கிராணக்காரன். வேலையை விட்டு நீக்குகிறேன் என்று சொன்ன எஜமான் கடன் சீட்டுகளை அன்றே வாங்கிப் பூட்டவில்லை. அந்த இடைவெளியில் நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகிறது, நூறு கலம் கோதுமை எண்பதாகிறது. கடன்காரர் கையாலேயே திருத்த வைக்கிறான். இவன் கையெழுத்து எங்குமே இல்லை! தணிக்கைக் குறிப்பு நான் எழுதினால் முதல் குறை எஜமான் மேல்தான்.

*

சேகரக் கமிட்டியில் வவுச்சர் கேட்டால் யாராவது ஒருவர் 2 இராஜாக்கள் 12-ஐ எடுத்துவிடுவார். ஆலயப் பழுதுபார்ப்பை நடத்தியவர்களிடம் கணக்கே கேட்கவில்லையே, உண்மையாய் நடந்தார்களே என்று. சரிதான். ஆனால் ஐந்து வசனம் மேலே போனால், காணிக்கைப் பெட்டி நிறைந்ததும் வருவது இரண்டு பேர்: ராஜாவின் சம்பிரதி, பிரதான ஆசாரியன். ஒருவர் அரண்மனை ஆள், ஒருவர் ஆலயத்து ஆள். சேர்ந்து எண்ணிப் பையில் கட்டுகிறார்கள். அந்த வசனத்தைக் கமிட்டியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

*

தொழிலுக்கு வந்த புதிது. பாங்கு கடனுக்கு ஸ்டாக் சான்றிதழ் கேட்டு வந்தவர் எங்கள் சபைக்காரர். குடோனைப் பார்க்கணும் அண்ணாச்சி என்றேன். "என்ன தம்பி, நம்ம சபை ஆள்கிட்டயேவா?" என்றார். அந்த "நம்ம"வில் விழுந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பின்னால் பாங்கு ஆட்கள் போய்ப் பார்த்தபோது மூட்டைகளில் பாதி இல்லை. அவர் எப்படியோ கடனை அடைத்துவிட்டார். என் பெயர் கெடாமல் போனது. 2019 பிப்ரவரியிலிருந்து ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்க எண் வாங்கவேண்டும். அந்த எண்ணும் குடோனைத் திறந்து பார்க்காது.

பாங்கு ஆட்கள் போய்ப் பார்த்த அன்று ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை, மூட்டைகள்தான் வந்தன.

*

இந்த ஞாயிறு காணிக்கை எண்ணும் முறை எனக்கு. கூட எண்ண அந்த அண்ணாச்சியைப் போட்டிருக்கிறார்கள்.