அரிவாளுக்கு ஒரு சட்டை

அரிவாள் என்றால் திருப்பாச்சேத்தி என்பார்கள். ஆனால், புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில் தென்னை ஏறும் அந்தத் தொழிலாளி அவ்வளவு தூரம் போனதில்லை. அவருடைய அரிவாள், பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் உள்ளூர் ஆசாரி அடித்துக் கொடுத்தது. பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைத்து, கடைசியில் தண்ணீரில் தோய்த்து எடுப்பார் ஆசாரி. அந்தத் தோய்ச்சலில்தான் சூட்சுமம். கூடிப்போனால் வாய் பல் பல்லாக உதிரும். குறைந்தால் மட்டையில் பட்டதும் மடங்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் ஒரே நாளில் சாய்ந்தன. வாரம் ஆறு நாள் மரம் ஏறியவருக்கு இரண்டு நாள் வேலை கிடைப்பதே பெரும்பாடானது. காய் பொறுக்க ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று மனைவியும் கூடவே போனார்.

அப்படிப் போன ஒரு நாள், இடுப்புக் கயிற்றில் செருகியிருந்த அரிவாள் நழுவிவிட்டது. கீழே குனிந்திருந்த மனைவிக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. மேலே இருந்தவருக்குக் கை கால் நடுங்கி, இறங்கவே நெடுநேரம் ஆயிற்று. வாயில் வார்த்தை வரவில்லை. அந்த அம்மாதான் பேசினார்.

"ஏங்க, நாளைக்கு மரம் ஏற வேணாம். மொதல்ல இதுக்கு ஒரு உறை தச்சுட்டு வருவோம்."

கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவர் 400 ரூபாய் கேட்டார். கணவர் தயங்கினார். "ஏன், என் தலை 400 ரூபாய்க்குத் தேறாதா?" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தார் மனைவி.

"அருவாள இங்கேயே விட்டுட்டுப் போ தாயி. அதைப் பார்க்காம உறை தைக்க முடியாது" என்றார் பெரியவர்.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, அரிவாள் மேல் போர்த்தி அழுத்தினார். காயும்போது தோல் அந்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். கூர்மை பதியும் ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைத்தார். அது இல்லாவிட்டால் அரிவாள் முதலில் அறுப்பது தையல் நூலைத்தான். வளைந்த அரிவாள் நேராக உள்ளே போகாது என்பதால் முதுகுப் பக்கம் திறப்பு விட்டு, வாரும் பித்தளைப் பொத்தானும் வைத்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், நனைந்த அரிவாளை உறையோடு ஆணியில் மாட்டினார் கணவர். மூன்று நாள் கழித்து எடுத்தால், வாயெல்லாம் துரு! கோபத்தோடு பெரியவரிடம் போய் நின்றார்.

பெரியவர் சிரித்தார். "தோலு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும் தம்பி. பட்டையோட துவர்ப்பும் சேர்ந்தா இரும்பைத் தின்னுரும். வேலைக்குப் போறப்ப போடு, வீட்டுக்கு வந்ததும் கழட்டிரு. நாமளும் மழையில நனைஞ்ச சட்டையோடவா படுக்குறோம்?"

இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் துடைத்து எண்ணெய் தடவிய அரிவாள், மற்றதில் உறை. காலையில் கிளம்பும்போது அந்தப் பொத்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் மனைவி கூடையைத் தூக்குகிறார்.